நான் கொண்டுவந்த தடுமம்

விமானம் தரையை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே எனக்கு மூக்கு அரிக்கத் தொடங்கிவிட்டது. முதலில் வலது துவாரத்தின் உள்ளே, பிறகு அண்ணாக்கில், பிறகு காதுக்கும் தொண்டைக்கும் நடுவே விரல் எட்டாத ஏதோ ஓர் இடத்தில். அதன்பின் தும்மல். ஆறு, ஏழு, எட்டு. பக்கத்து இருக்கைக்காரர் ஜன்னல் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். காரணம் எனக்குத் தெரியும். எங்கள் தொழிலாளர் கேம்ப் அறையில் ஆறு பேருக்கு ஒரே ஏசி. கீழ்க்கட்டிலில் கிடந்தவன் நான்கு நாளாகத் தும்மிக்கொண்டிருந்தான். எனக்கு லீவு கிடைத்து அவனுக்குக் கிடைக்காத எரிச்சலில் என் முகத்துக்கு நேராகவே தும்மினான் என்று இன்றைக்கும் எனக்கொரு சந்தேகம் உண்டு.

அப்போது என் மகளுக்கு வயது இருபத்துநான்கு நாள். போனில் மட்டும்தான் பார்த்திருந்தேன். நான் கூப்பிடும் நேரமெல்லாம் தூங்கிக்கொண்டிருப்பாள். துணிச் சுருளுக்கு நடுவே ஒரு மூக்கும் இரண்டு மூடிய கண்ணும் தெரியும். வளைகுடாவில் ஒரு கட்டிடக் கம்பெனியில் எனக்கு ஸ்டோர்கீப்பர் வேலை. பிரசவத்துக்கென்று கேட்ட லீவை இழுத்தடித்துக் கடைசியில் பதினைந்து நாள் கொடுத்தார்கள். இருபத்தெட்டாம் நாள் பிள்ளையின் இடுப்பில் அரைஞாண் கட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். அதற்குத் தகப்பன் இருந்தே ஆகவேண்டும் என்று இரண்டு வீட்டாரும் நாள் எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

தும்மலோடு போய் இறங்கினால் என்ன நடக்கும் என்பதும் எனக்குத் தெரியும். தலைப்பிரசவம் என்பதால் மனைவி, திற்பரப்புக்குப் பக்கத்தில் அவள் அம்மா வீட்டில் இருந்தாள். அத்தை, அதாவது மனைவியின் அம்மா, தடுமக்காரனைப் பிள்ளை கிடக்கும் அறைக்குள் விடமாட்டாள். தடுமம் என்று எங்கள் ஊரில் சொல்வது சளி, ஜலதோஷம், மூக்கொழுக்கு எல்லாவற்றையும் சேர்த்துத்தான். பால் கொண்டுவருகிறவனுக்கு மூக்கு ஒழுகினால் பாத்திரத்தை மதில்மேல் வைத்துவிட்டு அத்தை உள்ளே போய்விடுவாளாம். பதினைந்து நாளில் ஐந்தோ ஏழோ நாள் பிள்ளையைத் தொடாமல் முன்னறையில் உட்கார்ந்து மழை பார்க்கவேண்டும். அது என்னால் ஆகாது. ஆகவே வானத்தில் வைத்தே ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டேன்.

காரை விட்டு இறங்கிய உடனே ஒரு தும்மல் போட்டேன்.

"தடுமமா மருமவனே?" என்று அத்தை கேட்டாள்.

"இல்ல அத்தே, ஏசி அலர்ஜி. அது ஒட்டாது."

அத்தை தலையை ஆட்டினாள். கல்ஃபுக்காரனுக்கு அலர்ஜி இருப்பது எங்கள் பக்கம் ஒரு அந்தஸ்து. நாட்டில் இருக்கிறவனுக்குத்தான் தடுமம் வரும்.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எனக்குத் தெரியாததில்லை. அலர்ஜி என்றால் கண்ணும் மூக்கும் அரிக்கும், பச்சைத் தண்ணீராக வடியும், தூசியை விட்டு விலகினால் அடங்கும், காய்ச்சல் வராது. எனக்கு உடம்பெல்லாம் வலித்தது, தொண்டை கரகரத்தது, சாயங்காலத்துக்குள் தண்ணீராக வடிந்தது கெட்டியாகிவிட்டது. இடது பக்கம் படுத்தால் இடது துவாரம் அடைத்தது. புரண்டு படுத்தால் அடைப்பும் என்னோடு புரண்டது. புருவத்துக்கு மேலே யாரோ கட்டைவிரலை வைத்து அமுக்குவதுபோல் ஒரு கனம். யாரும் பார்க்காத நேரம் பார்த்து மூக்கில் ஸ்ப்ரே அடித்துக்கொண்டேன். அரை மணி நேரம் உலகம் திறந்துகிடக்கும். பிறகு முன்னைவிட இறுக்கமாக மூடிக்கொள்ளும்.

அந்த நிலையில்தான் பிள்ளையை மடியில் வாங்கினேன். "உச்சிய மணத்திப் பாருங்க," என்றாள் மனைவி. அவள் முகம் வெளுத்து, கழுத்தெலும்பு தெரிந்தது. ஆனால் அதைச் சொல்லும்போது சிரித்தாள். குளித்து வந்ததும் பிள்ளையின் உச்சியில் ராஸ்னாதிப் பொடியை ஒரு சிட்டிகை திருமி, அதாவது தேய்த்து விட்டிருந்தார்கள். தலையில் நீர் இறங்கித் தடுமம் பிடிக்காமல் இருக்க எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் செய்வது. அந்தப் பொடியும் தேங்காயெண்ணெயும் பாலும் கலந்து ஒரு மணம் இருக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். நான் முகர்ந்தேன். ஒன்றுமில்லை. இன்னும் கொஞ்சம் நெருங்கி முகர்ந்தேன். ஒன்றுமில்லை. அந்த இரண்டு நாளும் யாராவது பிள்ளையைக் கையில் தந்தால் போதும், நான் முகத்தை அவள் தலையிலும் கழுத்திலும் கன்னத்திலும் புதைத்து மூச்சை இழுத்துக்கொண்டே இருந்தேன். என் பிள்ளையின் மணம் எனக்கு மட்டும் கிடைக்கவில்லை என்ற வெப்ராளம், தவிப்பு. என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று யோசிக்கவில்லை. யோசித்தேன் என்றுதான் இப்போது தோன்றுகிறது, யோசித்தும் விடவில்லை.

இருபத்தாறாம் நாள் மாலை பிள்ளை மூன்று முறை தும்மினாள். பெரியவர்கள் தும்முவதுபோல் முழுத் தும்மல், அந்தச் சின்ன உடம்பு தூக்கிப் போட்டது. சித்தி, அத்தையின் தங்கை, கையைத் தட்டிச் சிரித்தாள். பக்கத்து வீட்டில்தான் அவளுக்குக் குடியிருப்பு. பேறுகாலம் முடியும்வரை பகலெல்லாம் இங்கேதான் இருப்பாள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே கைக்குட்டையை மடித்துப் பைக்குள் தள்ளினேன்.

மறுநாள் காலை மூக்கு அடைத்துவிட்டது. பிள்ளை மாரில் வாய் வைப்பாள், இரண்டு இழுப்பு இழுப்பாள், மூச்சு முட்டி வாயை விட்டுவிட்டு அலறுவாள். மறுபடி வாய் வைப்பாள். மறுபடி அலறல். கால் மணி நேரத்தில் தோற்றுப்போய்த் தூங்கிவிடுவாள். தூக்கத்திலும் மூக்கில் கொறகொறவென்று சத்தம். மனைவி அவள் மூக்கில் தன் வாயை வைத்து உறிஞ்சி உறிஞ்சிக் கிண்ணத்தில் துப்பினாள். முகம் சுளிக்கவே இல்லை. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு அவளிடம் போய் உண்மையைச் சொல்லவேண்டும்போல் இருந்தது, அதே நேரம் அங்கிருந்து எங்காவது ஓடிப்போகவேண்டும்போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. வெளியே வந்து, முன்னறைக்கும் கிணற்றடிக்குமாக நடந்தேன்.

வீட்டில் விசாரணை தொடங்கியிருந்தது. பிள்ளைக்குத் தடுமம் என்றால் தாய் என்ன தின்றாள் என்பதுதான் எங்கள் பக்கத்தில் முதல் கேள்வி. கடைசிக் கேள்வியும் அதுதான். பூண்டும் நல்லமிளகும் கருப்பட்டியும் பேறுகால லேகியமுமாகத் தின்று தின்று நாக்கு மரத்துப்போய், இரண்டு நாள் முன்பு ஒரு மத்தியானம் மனைவி ஒரு பிடி தயிர்ச்சோறு தின்றிருந்தாள். அதைச் சித்தி பார்த்திருந்தாள்.

"ஒரு பிடி தயிரு," என்றாள் அத்தை. "ஒரு நாப்பது நாளு நாக்க அடக்கப் பற்றாதாட்டி உனக்கு?"

"நீ தின்ன தயிருதான் பிள்ளைக்க மூக்குல நிக்குவு," என்றாள் சித்தி.

மனைவி பிள்ளையின் மூக்கைத் துடைத்தாள். அவளே அதை நம்பிவிட்டாள் என்று எனக்குத் தோன்றியது. அன்று முழுக்க அவள் சோறே தின்னவில்லை. சுக்குக் காப்பி மட்டும் குடித்தாள். அஞ்சுகிராமத்துக்குப் பக்கத்தில் இருக்கும் என் அம்மாவுக்கும் போனில் செய்தி போனது. அவள் முதலில் மழையை ஏசினாள். கிழக்கே இருக்கும் எங்கள் ஊர்க் காற்றுக்கு நனையத் தெரியாது. மேற்கே எப்போதும் ஈரம் என்பது அவளுடைய பழைய குறை. மழையை ஏசி முடித்ததும், "அவளுக்குத் தெரியாண்டாமா?" என்று மருமகளுக்கு வந்தாள். நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு, வலது துவாரம் அடைத்த குரலில் "உம், உம்" என்றேன்.

என் அலர்ஜியைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அன்று மத்தியானம் மூன்று மணிக்கு மனைவியை இலை போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீரில் குளிப்பாட்ட அத்தையும் சித்தியும் குளியலறைக்குக் கூட்டிப்போனார்கள். பிள்ளைக்குப் பக்கத்தில் நான் மட்டும் இருந்தேன். கொறகொற சத்தம் என் காதுக்குள் துருவியது. ஏதாவது செய்யவேண்டும், இந்தச் சத்தத்தை நிறுத்தவேண்டும், நான் அடைத்ததை நானே திறந்துவிட வேண்டும். என் சட்டைப்பையில் பச்சைத் தைலக் குப்பி இருந்தது.

கல்ஃபிலிருந்து வருகிறவன் பெட்டியில் என்ன இல்லாவிட்டாலும் அந்தத் தைலம் இருக்கும். ஒரு டஜன் வாங்கி வந்து ஆளுக்கொன்று கொடுக்காவிட்டால் ஊரில் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வார்கள். அத்தைக்கு முட்டுவலிக்கு, மனைவியின் அப்பாவான மாமாவுக்குத் தலைவலிக்கு, சித்திக்குப் பேருந்தில் போகும்போது வாந்தி வராமல் இருக்க. அந்த வீட்டின் சுவரிலேயே அந்த மணம் ஏறியிருந்தது. எனக்கே அன்று காலை கைக்குட்டையில் நான்கு சொட்டு விட்டு முகர்ந்ததும் மூக்கு திறந்ததுபோல் இருந்தது. நாலு சொட்டில் எனக்குத் திறக்குமானால் ஊசிமுனை அளவில் அவளுக்குத் திறக்காதா? இதுதான் என் கணக்கு.

விரல் நுனியில் தொட்டேன். அதையும் வேட்டியில் பாதி துடைத்தேன். மிச்சத்தை அவள் மூக்குக்குக் கீழே, மேலுதட்டில் தடவினேன்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பிள்ளையின் கண் அகலமாகத் திறந்தது. வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. கை இரண்டும் விரிந்து அப்படியே நின்றன. முகம் சிவந்து, சிவப்பு கறுத்தது. எத்தனை விநாடி என்று எனக்குத் தெரியாது. நான் அவளைத் தூக்கிக் குலுக்கினேன், அப்படிச் செய்யக்கூடாது என்பதுகூடத் தெரியாமல். அதற்குப் பிறகு மூச்சு வந்தது, மூச்சோடு அழுகை வந்தது. குடிக்க வைத்திருந்த தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்தேன். துடைக்கத் துடைக்க அந்த இடம் சிவந்தது. தண்ணீர் பிள்ளையின் கழுத்தெல்லாம் வழிந்தது.

மனைவி ஈரத் தலையோடு ஓடிவந்தாள். "என்னத்துக்கு அழுகா?"

"பசிச்சிருக்கும்," என்றேன்.

அது என் இரண்டாவது பொய். முதல் பொய்யைவிட இது சுலபமாக வந்தது.

அன்று இரவு யாரும் தூங்கவில்லை என்பதைத் தவிர எழுத ஒன்றுமில்லை. விடிந்தது இருபத்தெட்டாம் நாள். மழை விடாமல் பெய்தது. ரப்பர் பால் வெட்டப் போகமுடியாமல் மாமா பந்தலுக்குத் தார்ப்பாய் இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். என் வீட்டார் அரைஞாணோடு வேனில் கிளம்பிவிட்டதாக அம்மா போனில் சொன்னாள். அடுக்களையில் பாயசத்துக்குத் தேங்காய் துருவும் சத்தம். மனைவி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அறையை விட்டு வெளியே வந்தாள். நாற்பது நாள் ஆகாமல் அப்படி வரக்கூடாது என்பது அங்கே சட்டம்.

"நேத்து ராத்திரிக்குப் பொறவு ரெண்டு துணிதான் நனஞ்சிருக்கு," என்றாள். பொதுவாகச் சொன்னாள், யார் முகத்தையும் பார்க்கவில்லை. "எப்பவும் எட்டு பத்து துணி நனைப்பா. இப்ப அழவும் சக்தி இல்ல."

"பனிக்கூர்க்க எல போட்டு ஆவி காட்டுவோம்," என்றாள் சித்தி.

"பச்சப் பிள்ளைக்கு ஆவி வேண்டாம்."

"அரைஞாண் கெட்டு கழியட்டுட்டி," என்றாள் அத்தை. "இருவத்தெட்டு கெட்டாத பிள்ளைய ஆசுபத்திரிக்குக் கொண்டு போகப்பிடாது. இல்லாத நோயெல்லாம் அங்கதான் கிடக்கு. பத்து மணிக்குக் கெட்டுவோம், பொறவு போவோம்."

மனைவி அப்போதுதான் என்னைப் பார்த்தாள். பிள்ளையின் சட்டையை மேலே தூக்கிக் காட்டினாள். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளுக்கு நடுவில் தோல் உள்ளே போய் வந்தது. "இப்பவே போணும், கார எடுங்க மாமா," என்றேன். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பொறுப்பான தகப்பன் என்று நினைத்திருப்பார்கள். அவர்களுக்குத் தெரியாதது எனக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

மார்த்தாண்டம் போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆனது. மாமா ஓட்டினார், நான் முன்னால், பின்னால் அத்தையும் மனைவியும். அந்த ஒரு மணி நேரமும் அத்தை தயிரைப் பற்றிப் பேசினாள். தாயாக இருப்பது என்றால் என்ன, தான் பிள்ளை பெற்றபோது எப்படிக் கிடந்தாள், இந்தக் காலத்துப் பெண்களுக்கு நாக்கு எவ்வளவு நீளம். மனைவி பிள்ளையின் வயிற்றில் கையை வைத்து மூச்சை எண்ணிக்கொண்டே வந்தாள். மேம்பாலத்துக்குக் கீழே நெரிசலில் மாட்டியபோது எனக்குக் கதவைத் திறந்துகொண்டு இறங்கி ஓடவேண்டும்போல் இருந்தது. அத்தையின் வாயை மூட, தடுமம் நான் கொண்டுவந்தது என்ற மூன்று வார்த்தை போதும். நான் ஜன்னல் கண்ணாடியில் வழியும் தண்ணீரைப் பார்த்தேன்.

குழந்தை டாக்டர் ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண். பிள்ளையை மேசையில் கிடத்தி, கைக்கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் முழுக்க மூச்சை எண்ணினார். கால் பெருவிரலில் சிவப்பு விளக்கு எரியும் கிளிப்பை மாட்டினார். கக்கத்தில் காய்ச்சல் பார்த்தார், இல்லை. காதில், தொண்டையில் வெளிச்சம் அடித்துப் பார்த்தார்.

"வீட்ல ஆருக்காவது தடுமம் உண்டா?"

"ஆருக்கும் இல்ல டாக்டரே," என்றாள் அத்தை. "மருமவனுக்கு அலர்ஜி. அது ஒட்டாது. இவ தயிர்ச்சோறு தின்னா, அதுல வந்தது."

"தயிர் தின்னா பிள்ளைக்குத் தடுமம் வராது," என்ற டாக்டர் என்னைப் பார்த்தார். நேரம் பார்த்து எனக்குத் தும்மல் வந்தது. "எப்ப தொடங்குச்சு? மேலெல்லாம் வலி உண்டா?"

"வந்த அன்னைக்கு. உண்டு."

"அப்ப அது அலர்ஜி இல்ல. அந்த வைரஸ்தான் இவளுக்கு வந்திருக்கு." பேப்பரில் இரண்டு கோடு போட்டுக் காட்டினார். இத்துனூண்டு மூக்கு. உள்தோல் ஒரு நூல் அளவு வீங்கினாலே வழி அடைந்துவிடும். நமக்கு அடைத்தால் வாயால் மூச்சு விடுவோம், இந்த வயதில் அது சரியாகத் தெரியாது. பால் குடிக்க வாயை மூடவேண்டும், மூடினால் மூச்சில்லை. "பசி இல்லாம இல்ல. குடிக்க முடியல," என்றார். மனைவியின் கண்ணில் அப்போதுதான் முதன்முதலாகத் தண்ணீர் வந்தது.

பிறகு டாக்டர் குனிந்து பிள்ளையின் மேலுதட்டைப் பார்த்தார். அங்கே தோல் சிவந்து லேசாக உரிந்திருந்தது. "இங்க என்னமாவது தேச்சீங்களா?"

எல்லோரும் மனைவியைப் பார்த்தார்கள். டாக்டரும்தான்.

"நான் ஒண்ணும் தேய்க்கல்ல," என்றாள் அவள்.

அதன்பின் எவ்வளவு நேரம் நான் பேசாமல் இருந்தேன் என்று எத்தனையோ தடவை எண்ணிப் பார்த்துவிட்டேன். ஒரு மூச்சு இழுக்கும் நேரம்தான் என்று சொல்ல ஆசை. அதைவிட அதிகம். ஏனென்றால் அதற்குள் அத்தை, "நீ இல்லாம வேற ஆரு பிள்ளைய வச்சிருந்தா? மறைக்காம சொல்லுட்டி," என்று சொல்லி முடித்திருந்தாள்.

"நான்தான் டாக்டர்," என்றேன். "தைலம். பச்சைத் தைலம். கொஞ்சம்தான்."

டாக்டர் பேனாவை வைத்தார். "தடவுனதும் என்ன ஆச்சு?"

அதையும் சொன்னேன். மூச்சு வராமல் நின்றது, முகம் கறுத்தது, குலுக்கியது, துடைத்தது. எல்லாவற்றையும் டாக்டரிடம்தான் சொன்னேன். பக்கத்தில் நின்ற மனைவியைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

"கற்பூரம், மெந்தால் எல்லாம் அதுல உண்டு. நமக்குக் குளிர்ச்சியா இருக்கதுனால மூக்கு திறந்த மாதிரித் தோணும், அவ்வளவுதான். இந்த வயசுல அது மூக்குல பட்டா மூச்சுக்குழல் அப்படியே இறுகிரும். திரும்ப மூச்சு வந்தது உங்க நல்ல காலம்." சத்தம் போடாமல் சொன்னார். "இனி மூக்குல தைலம், எண்ண, பால் எதுவும் கூடாது. ஊதவும் கூடாது."

சாயங்காலம்வரை அங்கேயே வைத்துப் பார்ப்பதாகச் சொன்னார். ஆன்டிபயாடிக் வேண்டாம், வைரஸுக்கு அது கேட்காது. உப்புத் தண்ணீர் சொட்டு மருந்துதான் வைத்தியம் என்றதும், "அவ்வளவுதானா?" என்று மாமா வாயைத் திறந்து கேட்டுவிட்டார். எனக்கும் அதே கேள்விதான். ஒரு சொட்டு உப்புத் தண்ணீருக்காகவா நாங்கள் இந்தப் பாடு பட்டோம்.

எனக்கு ஒரு முகக்கவசம் கொடுத்து, வாசலுக்கு வெளியே நிற்கச் சொன்னார்கள். என் சட்டைப்பையில் எட்டிப் பார்த்த மூக்கு ஸ்ப்ரேயையும் மூன்று நாளைக்கு மேல் அடிக்கக்கூடாது, அடித்தால் அதனாலேயே அடைக்கும் என்றார் டாக்டர். கதவின் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். நர்ஸ் பிள்ளையின் தலையைச் சற்று உயர்த்திப் பிடித்து, ஒவ்வொரு துவாரத்திலும் இரண்டு சொட்டு விட்டார். இரண்டு நிமிடம் காத்திருந்தார். பிறகு ஒரு ரப்பர் பந்தை அமுக்கி, நுனியை மூக்கின் ஓரத்தில் வைத்து மெல்ல விட்டார். கயிறுபோல் ஒன்று வந்தது. பிள்ளை தும்மினாள். நான் சுவரில் சாய்ந்துகொண்டேன். அதன்பின் மனைவி பீய்ச்சிக் கொடுத்த பாலைப் பாலாடை என்ற சின்னச் சங்கில் துளித்துளியாக ஊட்டினார்கள். அடுத்த இரண்டு மணி நேரத்தில் மறுபடி சொட்டு, மறுபடி உறிஞ்சல், மறுபடி பாலாடை. விலாவில் தோல் உள்ளே போவது குறைந்துகொண்டே வந்தது. ஒரு மணிக்கு முதல் துணி நனைந்தது. நர்ஸ் அதைத் தூக்கிக் கண்ணாடிக்குப் பின்னால் எனக்குக் காட்டினார்.

இதற்கு நடுவில் எனக்கு வரவேண்டியது வரும் என்று வராந்தாவில் காத்திருந்தேன். அத்தை வாய் திறந்தால் ஊர் தாங்காது. எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். சொல்லப்போனால் அதற்காக ஏங்கினேன். அத்தை வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஆம்பளையளுக்கு இதெல்லாம் என்ன தெரியும்," என்றாள். "பாசத்துல செஞ்சதுதானே. விடுங்க மக்களே." எங்கள் பக்கம் பெற்ற பிள்ளையைக் கூப்பிடும் சொல் அது.

சித்தி போனில், "பாவம், மருமவன் பயந்துபோயிருப்பாரு," என்றாளாம். பந்தலில் வந்து உட்கார்ந்திருந்த என் அம்மா, அரைஞாண் கட்டுவதை இன்னொரு நல்ல நாள் பார்த்து வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு, என் தடுமத்துக்கு என்ன சாப்பிட்டேன் என்று கேட்டாள். மாமா மழையில் நனைந்து எதிர்ப்பக்கக் கடைக்குப் போய் எனக்குச் சூடாக ஒரு சாயா வாங்கி வந்தார். அதை நான் குடித்தேன். சர்க்கரை தூக்கலாக, நன்றாகத்தான் இருந்தது.

மூன்றரை மணிக்குப் பிள்ளை மாரில் வாய் வைத்து விடாமல் குடித்தாள். டாக்டர் என்னை உள்ளே விட்டார், நான்கடி தள்ளி நிற்கவேண்டும் என்ற கட்டளையோடு. அறையில் பிள்ளை விழுங்கும் சத்தம் மட்டும் கேட்டது. நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். மனைவி தலையை நிமிர்த்தாமல் பேசினாள்.

"வெளிய ஏசினாவளா?"

"இல்ல."

"ஒரு வார்த்தகூடவா?"

"ஒரு வார்த்தகூட இல்ல."

அவள் பிள்ளையின் தலையைத் தாங்கிய கையை மாற்றிக்கொண்டாள். குரலில் கோபம் இல்லை. கோபத்தைத் தாண்டிப் போயிருந்தாள்.

"என்ன ஏசினதுல பாதி உங்கள ஏசியிருந்தா எனக்கு ஆறியிருக்கும்," என்றாள்.

நான் வெளியே வந்தேன். அத்தை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவள் முன்னால் போய் நின்று, தடுமம் கொண்டுவந்தது நான், அலர்ஜி என்று பொய் சொன்னது நான், தைலம் தேய்த்தது நான், தேய்த்துவிட்டு மறைத்தது நான், அவளை நீங்கள் இரண்டு நாளாக ஏசியதை எல்லாம் கேட்டுக்கொண்டு சும்மா இருந்ததும் நான், என்னை ஏசுங்கள் என்றேன். பக்கத்தில் ஊசிக்குக் காத்திருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

அத்தை முந்தானையால் பெஞ்சைத் துடைத்து எனக்கு இடம் விட்டாள்.

"காலத்தேருந்து நீங்க ஒண்ணும் தின்னல்லியே மக்களே," என்றாள்.